கணக்கில் வராத மரங்கள்

தை மாதம் மாமரங்கள் பூத்து நிற்கும்போதே குத்தகைக்காரர்கள் தோப்பு பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். மரம் மரமாக நின்று அண்ணாந்து பார்ப்பார்கள். பூங்கொத்து எவ்வளவு நெருக்கம், தத்துப்பூச்சி விழுந்திருக்கிறதா, போன வருஷம் நன்றாகக் காய்த்த மரமா, அப்படியானால் இந்த வருஷம் ஓய்வெடுக்குமா, துறட்டிக்கு எட்டுமா, ஆள் ஏற வேண்டுமா என்று எல்லாம் மனசுக்குள்ளேயே கணக்காகி, கடைசியில் ஒரு தொகை வெளியே வரும். வண்டலூர் - கேளம்பாக்கம் சாலையில் மாம்பாக்கத்தைத் தாண்டி உள்ளே தள்ளி இருக்கிற ஒரு தோப்பில் இந்தப் பேரத்தைப் பல வருஷமாகப் பார்த்து வருகிறேன். என் தோழியின் அப்பாவுடைய தோப்பு அது. அங்கே எந்தக் குத்தகைக்காரரும் சில மரங்களுக்கு முன்னால் நிற்பதே இல்லை. "இதெல்லாம் கணக்குல வராதுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விடுவார்கள்.

அந்த மரங்களைப் பற்றித்தான் எழுத வந்தேன். ஒன்று பாதி பட்டுப்போனது. தெற்குப் பக்கக் கிளைகளில் மட்டும் உயிர் இருக்கிறது, ஆனியில் ஒரு கூடை நீலம் தரும். இன்னொன்றின் அடிமரத்தில் ஒரு சின்னப் பிள்ளை உட்காரும் அளவுக்குப் பொந்து. மூன்றாவது, கொட்டையிலிருந்து முளைத்து வளர்ந்த நாட்டு மரம். யாருக்கும் எட்டாத உயரத்தில் நார் நாராகச் சின்னப் பழம் பழுத்துத் தானாகவே விழும். நான்காவதில் புல்லுருவி ஏறி, தூரத்திலிருந்து பார்த்தால் மாமரம்தானா என்று சந்தேகம் வரும். சந்தையில் இவற்றுக்கு விலையே கிடையாது. ஆனால் அந்தத் தோப்பில் வாழும் பறவை, வௌவால், பாம்பு, பூச்சி எல்லாவற்றிலும் பெரும்பகுதி இந்த மரங்களை நம்பித்தான் இருக்கிறது. ஒரு பழத்தோப்பு காட்டுயிர்களுக்கு வீடாவது அதன் வயதாலும், மனுஷன் கை வைக்காமல் விட்ட மூலைகளாலும்தான். சென்னையைச் சுற்றி மரம் நடும் விழாக்கள் நிறைய நடக்கின்றன. வயதான மரத்தை யாராலும் நட முடியாது என்பதைப் பற்றி மட்டும் நாம் பேசுவதே இல்லை.

பொந்து ஒரு நாளில் விழுவதில்லை. ஏதோ ஓர் ஐப்பசி, கார்த்திகைப் புயலில் கிளை முறிகிறது. அல்லது யாரோ அரிவாளால் அரைகுறையாக வெட்டிவிட்டுப் போகிறார்கள். முறிந்த முனை வழியாக மழைத்தண்ணீர் இறங்குகிறது, பூஞ்சை பிடிக்கிறது, நடுவிலுள்ள வைரம் மெல்ல மெல்ல மக்குகிறது. மரத்துக்கு உயிரோட்டம் பட்டைக்கு அடியிலுள்ள வெளிப்பகுதியில்தான். உள்ளே இருக்கிற வைரம் ஏற்கெனவே செத்த பகுதி, மரத்தைத் தாங்கி நிற்பது மட்டுமே அதன் வேலை. அதனால் நடு மக்கிப்போனாலும் மரம் பல பத்தாண்டுகள் பூத்துக் காய்த்துக்கொண்டே இருக்கும். அந்த மக்கலுக்குள் வண்டுப் புழுக்கள் சுரங்கம் போடும். புழுவைத் தேடிப் பொன்முதுகு மரங்கொத்தி வந்து கொத்தும், பிறகு அங்கேயே ஒரு துளை குடைந்து குஞ்சு பொரிக்கும். அடுத்த முறை பெரும்பாலும் புதிதாக வேறு துளை குடைந்துகொள்ளும். பழைய துளைக்கு மைனாவும் பச்சைக்கிளியும் குண்டுக்கரிச்சானும் போட்டி போடும். கிளி வந்தால் வாயைக் கடித்துக் கடித்து அகலப்படுத்தும். இவற்றில் எதற்கும் சொந்தமாகப் பொந்து குடையத் தெரியாது. மரங்கொத்தியும், செம்மார்புக் குக்குறுவானும், மக்கிய மரமும் இல்லையென்றால் இவற்றுக்குக் குஞ்சு பொரிக்க இடமில்லை. குக்குறுவானுக்கு அலகில் அவ்வளவு வலு கிடையாது. மெத்தென்று மக்கிய பட்டுப்போன கிளையாகப் பார்த்து, அதன் அடிப்பக்கமாகத் துளை போடும். பட்ட கிளையை 'அசிங்கமாக இருக்கிறது' என்று வெட்டுகிற ஒவ்வொரு வீட்டிலும், 'டொங்க் டொங்க்' என்று பகல் முழுக்கக் கேட்கிற அந்தக் குரலுக்கு இடம் ஒன்று குறைகிறது.

அடிமரத்தில் பொந்து விழுந்த அந்தப் பங்கனபள்ளி மரத்தில் மேலே, கவட்டையில், இன்னொரு பொந்து உண்டு. அதில் புள்ளி ஆந்தை ஜோடி ஒன்று. தோப்பைக் காவல் காக்கிற இருளர் ஆயாதான் முதலில் காட்டினார். "அந்தா பார் பாப்பா, மூஞ்சிய நீட்டிக்கினு நம்மளத்தான் பாக்குது." பட்டப்பகல். பொந்தின் வாயில் உருண்டைத் தலை, வெள்ளைப் புருவம், மஞ்சள் கண். நான் நகர்ந்தால் அதுவும் தலையை மேலும் கீழுமாக ஆட்டிப் பார்க்கும். பொந்துக்குக் கீழே, சருகின் மேல், விரல் பருமனில் காய்ந்து கிடந்த கட்டிகளில் ஒன்றை எடுத்துப் பிட்டுப் பார்த்தேன். ஆந்தை செரிக்க முடியாததை உருட்டி வாய்வழியாகக் கக்குகிற கட்டி அது. கருகருவென்று மின்னும் வண்டுச் சிறகின் ஓடுகள், சாம்பல் நிற மயிர், ஒரு சுண்டெலியின் கீழ்த்தாடை, அதில் ஆரஞ்சு நிறத்தில் வளைந்த முன்பல். அந்தத் தாடை என் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. ஒரு ராத்திரியில் அந்தத் தோப்பில் நடந்தது அத்தனையும் அந்தக் கட்டியில் இருந்தது.

ஆந்தை அலறினால் வீட்டுக்கு ஆகாது என்று சொந்தக்காரர்கள் சிலர் அந்த மரத்தையே எடுத்துவிடச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆயாவுக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. "அது பாட்டுக்கு அது கீது. எலிய அதுதான துன்னுது, இவங்களா வந்து புடிக்கப் போறாங்க?" எலி பிடிப்பதையே தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்த சமூகத்தைச் சேர்ந்தவர் சொல்கிற பேச்சு. எலியைப் பற்றி அவருக்குத் தெரிந்ததில் பாதிகூட நமக்குத் தெரியாது.

இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் பழைய ஆப்பிள், பிளம், செர்ரித் தோட்டங்களைப் பற்றிப் படித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இந்த மரம்தான். மரங்கள் தள்ளித் தள்ளி நிற்க, அடியில் உழாத புல்வெளி, மருந்து குறைவு. இப்படிப்பட்ட பாரம்பரியப் பழத்தோட்டங்களை இங்கிலாந்தில் 2007இல் முன்னுரிமை கொடுத்துக் காக்க வேண்டிய வாழிடங்களின் பட்டியலில் சேர்த்தார்கள். அதற்குக் கிடைத்த வலுவான காரணங்களில் ஒன்று ஒரு வண்டு. நோபிள் சேஃபர் என்று பெயர், பச்சை உலோகம் போல மின்னும், வெள்ளைப் புள்ளிகள் தெறித்திருக்கும். அதன் புழு வளர்வது பழ மரங்களின் மக்கிய நடுப்பகுதியில். ஓக் மரம் உள்ளே மக்கிப் பொந்து விழ நூற்றாண்டுகள் ஆகும். பழ மரம் சீக்கிரம் மூப்படைவதால் சில பத்தாண்டுகளிலேயே அந்த நிலைக்கு வந்துவிடுகிறது. காடுகள் அழிந்த ஊரில், கிழட்டுக் காட்டு மரத்தின் வேலையைப் பழத்தோட்டம் செய்கிறது. ஜெர்மனியில் அந்தத் தோட்டங்களின் அடையாளமே ஆப்பிள் மரப் பொந்தில் குடியிருக்கும் சிற்றாந்தை. நம்முடைய புள்ளி ஆந்தையும் அதுவும் 'அதீனே' என்கிற ஒரே பேரினம். பழ மரத்துப் பொந்தை நம்பி வாழ்வதில் இரண்டும் ஒன்று. அங்கே 2021இல் அந்தப் பழத்தோட்ட வளர்ப்பு முறையையே தங்கள் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்துக்கொண்டார்கள்.

இங்கே தோட்டக்கலைத் திட்டங்கள் வேறு திசையில் போகின்றன. 2005-06இல் தொடங்கிய தேசியத் தோட்டக்கலை இயக்கத்தில், முதிர்ந்த தோப்புகளைப் புதுப்பிப்பதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. காய்ப்பு குறைந்த மரத்தின் கிளைகளைக் குறைத்து வெட்டித் துளிர்க்க விடுவது, அதற்கும் வழியில்லாத மரத்தை எடுத்துவிட்டுப் புதுக்கன்று வைப்பது. விவசாயிக்கு வருமானம் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. ஆனால் ஏக்கருக்கு ஒன்றோ இரண்டோ கிழட்டு மரத்தை அப்படியே விட்டுவைத்தால் அதற்கும் ஒரு தொகை என்று அதே திட்டத்தில் ஒரு வரி சேர்ப்பது அப்படியொன்றும் பெரிய காரியம் இல்லை.

இனி அந்தப் புல்லுருவி மரம். புல்லுருவி என்றாலே ஒட்டுண்ணி, வெட்டி எறிய வேண்டியது என்றுதான் பழகியிருக்கிறோம். காய்க்கிற மரத்தில் ஏறினால் வெட்டத்தான் வேண்டும், கிளையை அது வற்றச் செய்துவிடும். ஆனால் அந்த ஒரு மரத்தடியில் மாசி மாதக் காலையில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். செக்கச்சிவந்த குழல் குழலான பூவுக்குத் தேன்சிட்டு வரும். பழத்துக்குப் பூக்கொத்தி வரும். பெருவிரல் நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதலான பறவை, நம் நாட்டின் மிகச் சின்னப் பறவைகளில் ஒன்று. பழத்தை விழுங்கும், விதை பசையோடு அப்படியே வெளியே வரும், உதறினாலும் போகாது. பின்பக்கத்தைக் கிளையில் தேய்த்துத் துடைத்துவிட்டுப் போகும். விதை அங்கேயே ஒட்டிக்கொண்டு முளைக்கும். அந்தப் புல்லுருவி இலையில்தான் ஜெசபெல் பட்டாம்பூச்சி முட்டை இடுகிறது. இறக்கையின் மேற்பக்கம் வெள்ளை, கறுப்பு நரம்பு. அடிப்பக்கம் மஞ்சள், ஓரத்தில் ஆரஞ்சுச் சிவப்புப் பொட்டு வரிசை. புல்லுருவிக் குடும்பத்துச் செடி இல்லாத ஊரில் இந்தப் பட்டாம்பூச்சி இனம் பெருகவே முடியாது.

மாவிலையையே தின்று வளர்கிற இன்னொன்று உண்டு. காமன் பாரன் என்பார்கள். அதன் புழுவைக் கண்டுபிடிக்க எனக்கு ஆயாவின் கண் தேவைப்பட்டது. முற்றிய மாவிலை ஒன்றை அவர் திருப்பிப் பிடித்துக் காட்டியபோதும் எனக்கு இலைதான் தெரிந்தது. புழு இலைப் பச்சை. முதுகின் நடுவில் நீளவாக்கில் மஞ்சள் கோடு. உடம்பின் இரண்டு பக்கமும் இறகு இறகாகப் பிரிந்த முட்கள், அவை இலை மேல் படிந்து கிடக்கும். புழு எப்போதும் இலையின் நடு நரம்பின் மேல், அதே வாக்கில் படுத்துக்கொள்ளும். மஞ்சள் கோடு நடு நரம்பாகிவிடும், பக்க முட்கள் கிளை நரம்புகளாகிவிடும். கண்ணெதிரே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. அது பட்டாம்பூச்சியான பிறகு பூவுக்குப் போவதைவிட, கீழே விழுந்து அழுகிய மாம்பழத்தில் உட்கார்ந்து சாறு உறிஞ்சுவதுதான் அதிகம். விழுந்த பழத்தை உடனுக்குடன் கூட்டி அள்ளிவிடுகிற தோட்டத்தில் அதற்குச் சாப்பாடு இல்லை. பழ ஈ பெருகாமல் இருக்க விழுந்த பழத்தை அள்ளிப் புதைக்கச் சொல்வார்கள். விற்பனைக்கு விடும் வரிசைகளுக்கு அது சரி. வேலியோரத்து நாட்டு மரத்தடிக்கும் அதே சட்டம் வேண்டாம்.

வௌவாலைப் பற்றிப் பேசாமல் பழத்தோப்பைப் பற்றி எழுத முடியாது. சென்னையில் வாதாம் மரம் உள்ள வீட்டுக்காரர்களுக்கு இது நன்றாகவே தெரியும். ராத்திரியில் தகரக் கூரையில் 'டொக்' என்று விழும், காலையில் மொட்டை மாடி முழுக்கச் சதை சுரண்டிய வாதாங்கொட்டை. அது குட்டை மூக்குப் பழ வௌவாலின் வேலை. பழத்தைக் காய்த்த மரத்திலேயே உட்கார்ந்து அது தின்னாது. பறித்துக்கொண்டு தனக்குப் பிடித்த வேறு கிளைக்குப் போய், தொங்கியபடி மென்று சாறை விழுங்கிவிட்டுச் சக்கையைத் துப்பும். தோப்பில் அதைவிடப் பெரிய பழந்தின்னி வௌவாலும் வரும். சிறகை விரித்தால் ஒரு மீட்டருக்கு மேல் இருக்கும். பொழுது சாய்ந்து முதல் வௌவால் புளிய மரத்துக்கு மேலே கடக்கும்போது அந்தச் சிறகடிப்பு காதில் கேட்கும்.

இவற்றுக்குச் சட்டத்திலேயே பாதுகாப்பு இல்லாத காலம் ஒன்று இருந்தது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணை 'தீங்குயிர்' பட்டியல். காக்கை, எலி, சுண்டெலியோடு பழ வௌவால்களையும் அதில் வைத்திருந்தார்கள். யார் வேண்டுமானாலும் கொல்லலாம். 2022இல் கொண்டுவந்த திருத்தம் அந்த அட்டவணையையே எடுத்துவிட்டது, 2023 ஏப்ரல் முதல் அது நடைமுறையில் இருக்கிறது. ஐம்பது வருஷம் தீங்குயிர் என்று எழுதி வைத்திருந்த ஓர் உயிர், அத்தனை காலமும் இலுப்பைப் பூவுக்கு மகரந்தம் சுமந்துகொண்டும், இலுப்பை விதையையும் நாவல் விதையையும் ஊர் ஊராக எடுத்துப்போய்ப் போட்டுக்கொண்டும் இருந்தது. வருஷத்துக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு குட்டி போடுகிற இனம் அது. கூட்டமாகக் கொன்றால் திரும்பப் பெருகப் பல காலமாகும்.

2018இல் கோழிக்கோட்டில் நிபா வந்த பிறகு வௌவால் என்றாலே பயம். பயம் காரணமில்லாதது என்று சொல்ல மாட்டேன், பழந்தின்னி வௌவால்கள் அந்த வைரஸைச் சுமப்பவைதான். கடித்த பழத்தைச் சாப்பிடக் கூடாது, குழந்தைகளுக்கும் சொல்லிவைக்க வேண்டும், பழத்தைக் கழுவித்தான் சாப்பிட வேண்டும். ஆனால் அவை அடைந்திருக்கும் மரத்தை வெட்டுவதும் பட்டாசு போட்டு விரட்டுவதும் அவற்றை இன்னும் பத்து இடத்துக்குச் சிதறடிக்கிற வேலை.

நஷ்டம் என்கிற கணக்குக்கு வருகிறேன். சந்தைக்குப் போகிற மாங்காயை முற்றியதும் பச்சையாகவே பறித்துவிடுகிறார்கள். வௌவாலுக்கு வேண்டியது மரத்திலேயே பழுத்து மணம் வீசுகிற பழம். அதனால் அது தின்பதில் ஒரு நல்ல பங்கு, துறட்டிக்கு எட்டாமல் உச்சியில் நின்றுவிட்ட பழம். முழுக்க அப்படித்தான் என்று சொல்ல முடியாது. சப்போட்டா, கொய்யா வைத்திருப்பவர்களுக்கு இழப்பு கூடுதல். அவர்களில் சிலர் மரத்தின் மேல் நைலான் வலையைப் போர்த்துகிறார்கள். இந்தப் பக்கத்திலேயே ஒரு கொய்யாத் தோட்டத்தில் அப்படிப் போட்ட வலையில் சிக்கியிருந்த ஆந்தை ஒன்றைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. இழை சிறகுக்குள் இறங்கி, எலும்பு வரை அறுத்திருந்தது. அது பிழைக்கவில்லை. அதே வலையில் காய்ந்துபோன வௌவால்கள் தொங்கிக்கொண்டிருந்தன, அவற்றில் ஒன்றின் மார்பில் குட்டி. தொய்வாகத் தொங்கும் மெல்லிய நைலான் வலைதான் கொலைகாரன். பழத்துக்குக் காகித உறை போடலாம், கொத்துக்குத் துணிப்பை கட்டலாம். கூலி கூடத்தான் ஆகும். பழ ஈயும் விழாது, தோலில் புள்ளியும் வராது, விலையும் கூடக் கிடைக்கும் என்று உறை போடுகிறவர்கள் சொல்கிறார்கள்.

தரையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐப்பசி மழையோடு வடக்கிலிருந்து ஆறுமணிக் குருவி வந்து இறங்கும். விடிகிற நேரத்திலும் பொழுது சாய்கிற நேரத்திலும் இரட்டை விசில் அடிக்கிற, பச்சையும் நீலமும் சிவப்பும் கலந்த குட்டை வால் பறவை. பயணக் களைப்பில் அடுக்குமாடி பால்கனிகளிலும் குளியலறைகளிலும் வந்து விழுவது இதுதான், ஒவ்வொரு அக்டோபரிலும் யாராவது ஒருவர் படம் எடுத்து 'இது என்ன பறவை' என்று கேட்பார். அதற்குத் தேவை ஒன்றே ஒன்று: மக்கிய சருகு மூடிய நிழல் தரை. சருகைப் புரட்டிப் புரட்டிப் புழு பொறுக்கும். மாந்தோப்பின் சருகு அதற்கு அளவெடுத்த மாதிரி. வருஷத்துக்கு இரண்டு உழவும், களைக்கொல்லியும், மூலையில் சருகு எரிப்பதும் இருக்கிற தோப்பில் அது தங்காது. சருகைக் கரையான் தின்னும், முதல் மழைக்குப் பிறகு ஈசல் கிளம்பும், கரிச்சானும் மைனாவும் ஆந்தையும் ஓணானும் அன்று விருந்து சாப்பிடும். சாரைப்பாம்பும் கீரியும் உடும்பும் அந்தத் தரையில்தான். மரநாய் பகலில் பொந்தில் தூங்கும், ராத்திரி தரைக்கு இறங்கும்.

பழைய தோப்பில் மரத்துக்கு மரம் பத்து மீட்டர் விட்டு நடுவார்கள், ஏக்கருக்கு நாற்பது மரம் வரும். இப்போது பரிந்துரைக்கிற மிக அடர்நடவில் மூன்று மீட்டருக்கு இரண்டு மீட்டர் இடைவெளி, ஏக்கருக்கு 674 கன்று. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலேயே ஒவ்வொரு வருஷமும் கவாத்து செய்து நிறுத்துவார்கள், சொட்டுநீரிலேயே உரம் போகும், ஓய்வு வருஷத்திலும் பூக்க வைக்கக் கல்டார் என்கிற வளர்ச்சியை அடக்கும் மருந்தை ஊற்றுவார்கள். விளைச்சல் நிச்சயம் கூடுகிறது. ஆனால் அந்த மரத்துக்குத் தடித்த கிளையும் கிடையாது, கிழடாகும் வயதும் கிடையாது. அதில் பொந்து விழப்போவதே இல்லை. பூக்கும் நேரத்தில் அடிக்கிற மருந்தும் கவலைதான். ஒரு மாம்பூங்கொத்தில் நூற்றுக்கணக்கில், சில ரகங்களில் ஆயிரக்கணக்கில் பூக்கள் இருக்கும், காயாகித் தங்குவது ஒன்றோ இரண்டோ. அந்த ஒன்றிரண்டுக்கும் மகரந்தம் கொண்டுவருவது பெரும்பாலும் ஈக்கள், கூடவே கொசுத்தேனீ போன்ற சின்னத் தேனீக்கள். தத்துப்பூச்சிக்கென்று அடிக்கிற மருந்து அவற்றையும் சேர்த்துத்தான் கொல்கிறது.

முசுறு எறும்புக்கும் அதே கதி. உயிருள்ள மாவிலைகளை இழுத்துப் பிடித்து, தங்கள் புழுக்கள் சுரக்கும் பட்டு இழையால் தைத்துக் கூடு கட்டுகிற செவ்வெறும்பு. காய் பறிக்க ஏறுகிறவர்களுக்கு அது ஜென்ம விரோதி, கடித்தால் அப்படி எரியும். ஆனால் பழ ஈயையும் இலை தின்னும் புழுக்களையும் மரத்தை அண்டவிடாமல் விரட்டுவதும் அதே எறும்புதான். சீனாவில் சுமார் 1,700 வருஷங்களுக்கு முன்பே ஆரஞ்சு மரங்களில் கட்டுவதற்காக முசுறுக் கூடுகளைச் சந்தையில் விற்றிருக்கிறார்கள்.

நகரத்துக்குள் மிச்சம் இருப்பது என்ன? அடையாற்றில் பிரம்மஞான சபை 1882இல் ஹட்டில்ஸ்டன் தோட்டத்தை வாங்கி, பிறகு சுற்றியிருந்த தோட்டங்களையும் சேர்த்து 250 ஏக்கருக்கு மேல் வைத்திருப்பதால் அந்தப் பகுதி தப்பியது. கிண்டியில் 1978இல் தேசியப் பூங்கா என்று அறிவித்ததால் களாவும் நாவலும் வளரும் அந்த 2.7 சதுர கிலோமீட்டர் தப்பியது. மற்றபடி கீழ்ப்பாக்கம், மந்தைவெளி, நங்கநல்லூர் என்று பழைய வீடுகளின் பின்கட்டில் நின்ற ஒரு மா, இரண்டு தென்னை, ஒரு கொய்யா, ஒரு முருங்கைதான் நகரத்தின் தோப்பு. தெருவில் பத்து வீட்டில் அப்படி இருந்தால், பறவைக்கு அது ஒரே தோப்பு. மதில் சுவர் அதற்குக் கணக்கில்லை. வீடு இடித்து அடுக்குமாடி கட்டும்போது முதலில் போவது இந்த மரங்கள். 2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் ஒரே பகலில் நகரம் முழுக்க ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. அதற்குப் பிறகு வீட்டு மரம் என்றாலே ஆபத்து என்கிற எண்ணம் எல்லோருக்கும் வந்துவிட்டது. கிளை தாழ்ந்தால் வெட்டு, பொந்து இருந்தால் சிமெண்ட் பூசு. பொந்தில் சிமெண்ட் அடைப்பதால் மரம் பலம் பெறுவதில்லை. ஈரம் உள்ளே சிக்கி மக்கல் கூடத்தான் செய்யும், காற்றில் மரம் ஆடும்போது அந்தக் கட்டி உள்ளேயிருந்து மரத்தையே சிராய்க்கும். மரப் பராமரிப்பு தெரிந்தவர்கள் அந்த வழக்கத்தை எப்போதோ விட்டுவிட்டார்கள். பொந்தில் குடியிருக்கும் உயிர்களை வெளியேற்ற மட்டும்தான் அது பயன்படும்.

மாம்பாக்கம் தோப்புக்கு மூன்று பக்கமும் மனைக்கல் நட்டுவிட்டார்கள். விலை கேட்டு வராத மாதமில்லை. தோழியின் அப்பா விற்கப்போவதில்லை என்கிறார், பிள்ளைகள் காலத்தில் என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் இந்தத் தை மாதக் குத்தகையில் அவர் வாய்மொழியாகச் சில நிபந்தனைகள் போட்டார். அந்த நாலு மரமும் வேலியோரத்து நாவலும் குத்தகையில் சேர்த்தி இல்லை, ஏணி சாத்தக் கூடாது. எந்த மரத்திலும் வலை கட்டக் கூடாது. தகர டப்பா தட்டிக் கிளி விரட்டலாம், பட்டாசு வேண்டாம். கடைசி இரண்டு வரிசையில் களைக்கொல்லி கிடையாது, சருகு கிடந்தபடி கிடக்கட்டும். குத்தகைக்காரர் தலையைச் சொறிந்தார், கொஞ்சம் தொகை குறைத்தார், ஒத்துக்கொண்டார். எப்படியும் அவர் கணக்கில் வராத மரங்கள்தானே. "ஆந்தைக்குக் குத்தகை விட்டுட்டீங்களா ஐயா?" என்று அவர் கேட்க, "அது எங்க அப்பா காலத்துலயே விட்டதுப்பா" என்றார் இவர்.

வீட்டில் ஒரே ஒரு மாமரம் வைத்திருப்பவர்களுக்கும் இதில் செய்யக்கூடியது உண்டு. புள்ளி ஆந்தை கார்த்திகையிலிருந்து சித்திரை வரைக்கும், கிளி தையிலிருந்து சித்திரை வரைக்கும் பொந்தில் குஞ்சு வைத்திருக்கும். மைனா அதற்குப் பிறகும் ஆடி வரை இருக்கும். கவாத்து செய்ய மரத்துக்கும் நல்ல காலம் காய்ப்பு முடிந்த ஆவணி, புரட்டாசி. ஆள் கூப்பிடுகிறவர்கள் அப்போது கூப்பிடுங்கள். அரிவாள் வைப்பதற்கு முன் ஒரு சாயங்காலம் மரத்தடியில் நின்று, எந்தத் துளையிலிருந்து எது வெளியே வருகிறது என்று பார்த்துவிட்டு, அந்தக் கிளையை மட்டும் சுண்ணாம்பு தொட்டுக் குறித்துக் கொடுங்கள். வெட்ட வருகிறவர்கள் பெரும்பாலும் சொன்னபடி கேட்பார்கள்.